லேப்டாப் வாங்கும் முன், வாங்கிய பின்: பெங்களூரில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அல்சூரில் குடியிருக்கிறேன். ஒரு சின்ன கம்பெனியில் சிஸ்டம் பார்க்கிற வேலை. "இவன் கம்ப்யூட்டர்ல இருக்கான்" என்று சொந்தக்காரர்களிடம் ஒரு பெயர் வந்துவிட்டால் அப்புறம் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும் பக்கத்து இலையில் இருந்து லேப்டாப் கேள்விதான் வரும். கேட்பதில் தப்பே இல்லை, ஐம்பதாயிரம் அறுபதாயிரம் போட்டு வாங்குகிற பொருள், கேட்டுத்தான் வாங்க வேண்டும். வருகிற கேள்விகள் முக்கால்வாசி ஒன்றேதான் என்பதால், கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே எழுதி, பதிலையும் போட்டு வைக்கிறேன். 2026 தொடக்கத்து நிலவரம் இது.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். பின்னால் மாற்ற முடியாத பாகத்துக்குத்தான் காசு கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி. கீழே வரும் பதில்கள் பலவும் அங்கேதான் போய் நிற்கும்.

"தம்பி, பையன் காலேஜ் சேர்ந்தாச்சு. எந்த கம்பெனி லேப்டாப் நல்லது?"

மாமா, கம்பெனி பெயரை வைத்து நல்லது கெட்டது சொல்லவே முடியாது. ஒரே கம்பெனி முப்பத்தைந்தாயிரத்துக்கு ஒரு தகரடப்பாவும் எழுபதாயிரத்துக்கு நல்ல மெஷினும் விற்கும். பையன் என்ன படிக்கிறான் என்பதுதான் முதல் கேள்வி. பி.காம்., பி.ஏ. என்றால் 16 ஜிபி ரேம் (வேலை நடக்கும்போது பயன்படும் மெமரி), 512 ஜிபி எஸ்எஸ்டி (ஃபைல்களைச் சேமித்து வைக்கும் இடம்), நல்ல திரை, எடை ஒன்றரைக் கிலோவுக்குப் பக்கத்தில், இவ்வளவு போதும். ஆர்க்கிடெக்சர், மெக்கானிக்கல், அனிமேஷன் என்றால் தனி கிராஃபிக்ஸ் சிப் தேவைப்படலாம்.

வகுப்பு தொடங்கி இரண்டு வாரம் கழித்து வாங்குங்கள். சீனியர்கள் எந்த சாஃப்ட்வேர் ஓட்டுகிறார்கள் என்று அதற்குள் பையனுக்கே தெரிந்துவிடும். அட்மிஷன் போட்ட அன்றைக்கே சந்தோஷத்தில் வாங்கி, அப்புறம் ஆட்டோகேட் ஓடவில்லை என்று வந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

"ரேம் 8 போதும்னு கடைக்காரர் சொல்றார். 16 எதுக்கு?"

விண்டோஸ் 11 நிறுவ 4 ஜிபி போதும் என்றுதான் மைக்ரோசாஃப்ட் சொல்கிறது. அது ஓடுவதற்கான அளவு, வேலை செய்வதற்கானது இல்லை. விண்டோஸ், குரோமில் பதினைந்து டேப், ஒரு மீட்டிங், ஒரு எக்செல் ஃபைல் எல்லாம் சேர்ந்தால் 8 ஜிபி நிரம்பிவிடும். நிரம்பியதும் எஸ்எஸ்டியில் ஒரு பகுதியை ரேம் மாதிரி எடுத்துக்கொள்ளும், அங்கேதான் மெஷின் இழுக்க ஆரம்பிக்கும். நாலைந்து வருஷம் வைத்துக்கொள்ளப் போகிறவர்கள் 16-க்குக் கீழே போக வேண்டாம்.

இந்த வருஷம் இதில் ஒரு சிக்கல். 2025 கடைசியில் இருந்து ரேம் விலை கன்னாபின்னாவென்று ஏறிவிட்டது. ஏஐ டேட்டா சென்டர்களுக்காக மெமரி சிப்புகளை மொத்தமாக அள்ளிக்கொண்டு போகிறார்கள், தயாரிப்பாளர்களும் லாபம் அதிகமுள்ள அந்தப் பக்கமே திரும்பிவிட்டார்கள். நம்மில் பலர் வாங்கிப் போட்ட க்ரூஷியல் ரேம், எஸ்எஸ்டி வியாபாரத்தையே மூடப்போவதாக மைக்ரான் 2025 டிசம்பரில் அறிவித்தது. அதனால் பட்ஜெட் இடித்தால் ஒரு வழி இருக்கிறது: 8 ஜிபியோடு, காலியாக ஒரு ஸ்லாட் உள்ள மாடலாகப் பார்த்து வாங்கிக்கொண்டு, விலை இறங்கும்போது போட்டுக்கொள்ளலாம். போர்டிலேயே ஒட்டிய 8 ஜிபியை மட்டும் வாங்கவே வாங்காதீர்கள்.

"அண்ணா, ஸ்லாட் இருக்கா, ஒட்டினதான்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது? கழட்டிப் பார்க்கணுமா?"

வேண்டாம். டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் மெமரியை அழுத்துங்கள். கீழே வலது பக்கம் சின்ன எழுத்தில் நாலைந்து வரி வரும். "ஸ்லாட்ஸ் யூஸ்ட் 1 ஆஃப் 2" என்றிருந்தால் ஒன்று காலி. "ஃபார்ம் ஃபேக்டர்" வரியில் "எஸ்ஓ-டிம்" என்றிருந்தால் கழற்றி மாட்டக்கூடிய ரேம். "ரோ ஆஃப் சிப்ஸ்" என்றிருந்தால் பெரும்பாலும் போர்டில் ஒட்டியது.

புது மெஷின் என்றால் கடையில் ஓடிக்கொண்டிருக்கும் டெமோ பீஸில் இதைப் பார்க்கலாம். ஆன்லைனில் வாங்குபவர்கள் ரேம் வகையைப் பாருங்கள், எல்பி-டிடிஆர் என்று "எல்பி" முன்னால் வந்தால் லேப்டாப்பில் அநேகமாக எப்போதுமே ஒட்டியதுதான்.

"512 ஜிபின்னு சொல்லி வித்தாங்க, உள்ள 476 தான் காட்டுது. ஏமாத்திட்டாங்களா சார்?"

யாரும் ஏமாற்றவில்லை. தயாரிப்பவர் ஒரு ஜிபி என்றால் நூறு கோடி பைட் என்று கணக்கிடுகிறார். விண்டோஸ் 1024-ஐ மூன்று முறை பெருக்கி, ஏறத்தாழ 107 கோடி பைட்டை ஒரு ஜிபி என்கிறது. அதனால் 512 அங்கே 476 ஆகிறது, 1 டிபி 931 ஆகிறது. அதற்குள் விண்டோஸும் கம்பெனிக்காரர்களின் ரெக்கவரி ஃபைல்களும் இடம் பிடிக்கும்.

நிஜமான ஏமாற்று வேறு இடத்தில் இருக்கிறது, அதாவது ஐந்நூறு ரூபாய்க்கு 2 டிபி பென்டிரைவ். உள்ளே ஒரு சின்ன சிப்தான் இருக்கும், கம்ப்யூட்டரிடம் மட்டும் 2 டிபி என்று பொய் சொல்ல வைத்திருப்பார்கள். நிஜமான இடம் தீர்ந்ததும் பழைய ஃபைல் மேலேயே புது ஃபைல் எழுதப்படும், இல்லையென்றால் எதுவுமே பதியாது. ஃபைல் பெயர்கள் வரிசையாகத் தெரியும், திறந்தால்தான் ஒன்றும் இருக்காது. எங்கள் தெருவில் ஒரு வீட்டுக் கிரகப்பிரவேச வீடியோ அப்படித்தான் போனது. அந்த அம்மா ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தார், எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை.

"என்னோடது 2017-ல வாங்கினது. ஆன் ஆகி வர்றதுக்குள்ள காபி போட்டுக் குடிச்சிடலாம். தூக்கிப் போட்டுடட்டுமா?"

அவசரப்படாதீர்கள். உள்ளே சுற்றுகிற ஹார்ட் டிஸ்க் இருந்தால் வியாதி அதுதான். ஹார்ட் டிஸ்க் நொடிக்கு நூறு, நூற்றைம்பது எம்பி படிக்கும். சாட்டா என்ற பழைய வகை இணைப்பில் மாட்டும் சாதாரண எஸ்எஸ்டியே ஐந்நூறைத் தாண்டும். அதைவிட முக்கியமானது, அங்கங்கே சிதறிக் கிடக்கும் சின்னச் சின்ன ஃபைல்களை ஹார்ட் டிஸ்க்கின் முள் தேடித் தேடிப் போக வேண்டும், எஸ்எஸ்டியில் தேடுவதற்கு முள்ளே கிடையாது.

ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டால் போதும், என் சித்தியின் லேப்டாப்பில் போன வருஷம் இதைச் செய்தேன். எட்டு ஸ்க்ரூ, அடிமூடியைச் சுற்றி ஒரு பழைய ஏடிஎம் கார்டை விட்டு நெம்பினால் கழன்றுவிட்டது, ஃபேனில் ஒட்டடை மாதிரி தூசி. டிஸ்கை எடுத்து எஸ்எஸ்டி மாட்டி, தூசி தட்டி மூடினோம். இருபது நொடியில் டெஸ்க்டாப் வந்தது. "இது என் லேப்டாப்தானா?" என்று சித்தி மூடியில் பேத்தி ஒட்டின ஸ்டிக்கரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"விண்டோஸ் 10 முடிஞ்சு போச்சாமே? நாளைக்கு ஆன் ஆகாதா?"

ஆன் ஆகும். 2025 அக்டோபர் 14-ஓடு அதற்கான இலவச ஆதரவு முடிந்தது, அவ்வளவுதான். இனிமேல் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகள் தானாக அடைபடாது. அந்த மெஷினில் பேங்க் வேலை பார்ப்பவர்கள் இதை அலட்சியம் செய்யக் கூடாது.

வீட்டு உபயோகக்காரர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை கூடுதல் பாதுகாப்பு அப்டேட் கிடைக்கிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்து செட்டிங்ஸ் பேக்கப்பை இயக்கினால் காசு கிடையாது. அப்டேட் பக்கத்திலேயே பதிவு செய்யும் இணைப்பு இருக்கிறது. அதற்குள் முடிவெடுங்கள். இன்டெல் 8-வது தலைமுறையோ அதற்கு மேலோ, லேப்டாப்பில் ஏஎம்டியின் ரைசன் 3000 வரிசையோ அதற்கு மேலோ, கூடவே டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப்பும் இருந்தால் பெரும்பாலும் விண்டோஸ் 11-க்கு இலவசமாக மாறலாம். சித்தியின் மெஷின் 7-வது தலைமுறை, மாற முடியாது, அதனால் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச சிஸ்டத்தைப் போட்டுக் கொடுத்தேன். சித்தி பார்ப்பது யூட்யூப், பேத்தியோடு வீடியோ கால், மின் கட்டணம். ஒரு குறையும் சொன்னதில்லை. டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேர் ஓட்டுபவர்களுக்கும் விண்டோஸில் மட்டும் ஓடும் ஆபீஸ் சாஃப்ட்வேர் வைத்திருப்பவர்களுக்கும் அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

"ஐ5 வாங்கலாமா ஐ7 வாங்கலாமா? ரைசன் சூடாகுமாமே?"

ரைசன் சூடாகும் என்பது பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முந்தைய ஏஎம்டி சிப்புகளைப் பற்றிய பேச்சு, இன்னும் நம் ஊர் வாயில் இருந்து போகவில்லை. இப்போது இரண்டிலும் நல்லதும் இருக்கிறது, சுமாரும் இருக்கிறது. இன்டெல் சிப்பின் ஐ5, ஐ7 என்ற எண்ணை விட, சிப் பெயரின் கடைசி எழுத்தைப் பாருங்கள். "யூ" என்றால் பேட்டரிக்கும் அமைதிக்கும், "எச்" என்றால் வேகத்துக்கு, கூடவே சூடும் ஃபேன் சத்தமும். சாதாரண வேலைக்கு ஒரு ஐ5 தாராளம். ஐ7-க்குக் கொடுக்கும் பணத்தை ரேமிலும் திரையிலும் போடுங்கள்.

ஒரு கண்ணி இருக்கிறது. ரைசன் 5 7520யூ, ரைசன் 5 7530யூ, இரண்டும் அடுத்தடுத்த எண். கடையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஏஎம்டியின் அந்த வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருக்கும் வடிவமைப்பைச் சொல்லும். 7520-இல் இருப்பது ஜென் 2, அதாவது 2019-இல் வந்த வடிவமைப்பு, நாலு கோர் (கணக்குப் போடும் பகுதி), ரேமும் ஒட்டியது. 7530-இல் ஜென் 3, ஆறு கோர். முதல் இலக்கம் 7 என்று பார்த்துப் புதுசு என்று நினைத்து வாங்குபவர்கள் பாவம். இந்த எண் முறை வாங்குபவருக்குச் செய்த அநியாயம் என்றே நான் நினைக்கிறேன்.

"ஏஐ லேப்டாப்னு பத்தாயிரம் கூடக் கேட்கறாங்க. அது இல்லாட்டி சாட்ஜிபிடி ஓடாதா?"

தாராளமாக ஓடும். சாட்ஜிபிடி, ஜெமினி எல்லாம் எங்கோ தூரத்து சர்வரில் ஓடுகின்றன. உங்களுக்குத் தேவை பிரவுசரும் நெட்டும்தான், சித்தியின் 2017 மெஷினிலும் ஓடும்.

மைக்ரோசாஃப்ட் 2024 மே மாதம் கோபைலட் பிளஸ் பிசி என்று ஒரு வகையை அறிவித்தது. நொடிக்கு 40 லட்சம் கோடி கணக்குப் போடும் என்பியூ என்ற தனிப் பகுதி, 16 ஜிபி ரேம், 256 ஜிபி இடம், இவை இருந்தால் அந்தப் பெயர். வீடியோ காலில் பின்னணியை மங்கலாக்குவது, பேசுவதை எழுத்தாகக் காட்டுவது, படங்களைத் தொட்டுத் திருத்துவது போன்றவற்றை அது பேட்டரியை அதிகம் தின்னாமல் செய்யும். ரீகால் என்று, திரையில் நீங்கள் பார்த்ததையெல்லாம் படம் பிடித்து வைத்துத் தேடித் தரும் வசதியும் உண்டு. பாதுகாப்பு பற்றிப் பெரிய எதிர்ப்பு வந்து தள்ளிப்போட்டு, நாமாக இயக்கினால்தான் ஓடும் என்று மாற்றி 2025 ஏப்ரலில்தான் வெளியிட்டார்கள். பேங்க் கணக்கு, ஆதார் எல்லாம் திறந்து பார்க்கிற மெஷினில் நான் அதை இயக்க மாட்டேன்.

இந்த வகை மெஷின் கெட்டது என்று சொல்லவில்லை. 16 ஜிபி கட்டாயம் என்பதாலேயே பல மாடல்கள் நன்றாக இருக்கின்றன. ஏஐ என்ற ஸ்டிக்கருக்காக மட்டும் பத்தாயிரம் கொடுக்காதீர்கள் என்கிறேன்.

"திரை எல்லாம் ஒண்ணுதானே? எல்லாத்துலயும் ஃபுல் எச்டின்னு போட்டிருக்கே."

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்காது. ரேமைக் கூட்டலாம், எஸ்எஸ்டியை மாற்றலாம், திரையோடுதான் தினமும் எட்டு மணி நேரம் வாழப் போகிறீர்கள், அதைப் பற்றிக் கடையில் யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

ஃபுல் எச்டி என்பது புள்ளிகளின் எண்ணிக்கை மட்டும். நிறம் எவ்வளவு (என்டிஎஸ்சி, எஸ்ஆர்ஜிபி என்று போட்டிருப்பார்கள்), வெளிச்சம் எவ்வளவு (நிட்ஸ்) என்று தனியாகப் பாருங்கள். "45% என்டிஎஸ்சி, 250 நிட்ஸ்" என்று இருந்தால் மங்கல் திரை. "100% எஸ்ஆர்ஜிபி, 300 நிட்ஸ்" அல்லது அதற்கு மேல் என்றால் நல்லது. திரை வகை ஐபிஎஸ் அல்லது ஓஎல்இடி என்று இருக்கட்டும், டிஎன் வகை வேண்டாம். எண் புரியவில்லை என்றால் என் சோதனையைச் செய்யுங்கள். உங்கள் போனில் இருக்கும் ஒரு பட்டுப்புடவைப் படத்தைக் கடை லேப்டாப்பில் திறந்து போனைப் பக்கத்தில் பிடியுங்கள். மோசமான திரையில் அரக்குச் சிவப்பு செங்கல் நிறமாகத் தெரியும், மயில் கழுத்துப் பச்சை வெளுத்துப் போய் ஏதோ ஒரு பச்சையாக இருக்கும். ஆன்லைனில் புடவை விற்கிற ஒரு அக்கா இப்படிப் பார்த்துத்தான் வாங்கினார், நிறம் வேறாக வந்தது என்று திரும்பி வரும் புடவைகள் குறைந்தன என்றார்.

"பேசாம ஆப்பிளே வாங்கிடலாமா?"

பேட்டரியும் திரையும் சத்தமில்லாத வேலையும்தான் முக்கியம் என்றால் மேக்புக் ஏர் நல்ல முடிவு. 2024 அக்டோபரில் இருந்து அதில் குறைந்தபட்சமே 16 ஜிபி. ஆனால் எல்லாமே ஒட்டியது, வாங்கும் அன்று எடுத்ததுதான் கடைசி வரை. டேலியும் சில அரசாங்கத் தளங்களின் கருவிகளும் விண்டோஸையே நம்பியிருப்பதால் கணக்கு வேலை பார்ப்பவர்களுக்கு வேண்டாம்.

"ஸ்னாப்டிராகன் லேப்டாப்ல பேட்டரி ரெண்டு நாள் வருதாம். ஏன் யாரும் வாங்கச் சொல்ல மாட்டேங்கறீங்க?"

பேட்டரி நிஜமாகவே நன்றாக நிற்கும். ஆனால் அது ஏஆர்எம் வகைச் சிப். இன்டெல், ஏஎம்டிக்காக எழுதிய சாஃப்ட்வேரை விண்டோஸ் உள்ளுக்குள் மொழிபெயர்த்து ஓட்டுகிறது, பெரும்பாலானவை ஓடும். கருவிகளை விண்டோஸோடு பேச வைக்கும் டிரைவர் என்ற மென்பொருளை மட்டும் அப்படி மொழிபெயர்க்க முடியாது, அவற்றை ஏஆர்எம்முக்கென்றே எழுதியிருக்க வேண்டும். பழைய பிரின்டர், ஸ்கேனர், கைரேகைக் கருவி, ஜிஎஸ்டி தாக்கல் செய்யும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் இவையெல்லாம் டிரைவரை நம்பி இருப்பவை. பிரவுசரும் ஆபீஸும் மட்டும் போதும் என்பவர்கள் தைரியமாக வாங்கலாம். ஆடிட்டர் ஆபீசுக்கு வாங்கும் முன் உங்கள் டோக்கன் கம்பெனியிடம் ஏஆர்எம் டிரைவர் உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

"ரெண்டு கேமிங் லேப்டாப்பிலயும் ஆர்டிஎக்ஸ் 4050 தான். ஒண்ணு பன்னிரண்டாயிரம் கம்மி. அதையே எடுத்துடலாமா அண்ணா?"

அந்த கிராஃபிக்ஸ் சிப்புக்கு வாட் எவ்வளவு என்று பார்த்துவிட்டு எடு தம்பி. லேப்டாப்புக்கான 4050-ஐ 35 வாட்டில் இருந்து 115 வாட் வரை கம்பெனிகள் தங்கள் விருப்பத்துக்கு அமைக்கலாம் என்று என்விடியா விட்டிருக்கிறது. பெயர் ஒன்று, வேகத்தில் பெரிய வித்தியாசம். பெட்டியில் பெரும்பாலும் போட மாட்டார்கள், கம்பெனியின் தளத்தில் டிஜிபி என்று தேடு, அந்த வாட்டுக்கு அதுதான் பெயர். திரையைப் பற்றி முன்னால் சொன்னது இதற்கும் பொருந்தும், கேமிங் மாடல்களிலேயே 45% திரை வைத்து விற்கிறார்கள்.

"டைப்-சி ஓட்டைதானே, எந்த சார்ஜரும் போடலாம்தானே?"

மாட்டலாம், எல்லாம் வேலை செய்யும் என்று சொல்ல முடியாது. டைப்-சி என்பது ஓட்டையின் வடிவம். அதற்குள் 480 எம்பிபிஎஸ் வேகமும் இருக்கலாம், 40 ஜிபிபிஎஸ்ஸும் இருக்கலாம். சார்ஜ் ஏறுமா, மானிட்டர் ஓடுமா என்பதும் மாடலுக்கு மாடல் மாறும். கேபிளும் அப்படியே. போனோடு வந்த கேபிள் பல நேரம் 480 எம்பிபிஎஸ்தான், எக்ஸ்டர்னல் எஸ்எஸ்டியில் மாட்டிவிட்டு டிஸ்க் ஸ்லோ என்று திட்டாதீர்கள். லேப்டாப்புக்கு 65 வாட் சார்ஜரும் 100 வாட் தாங்கும் கேபிளும் வாங்கினால் பெரும்பாலான சாதாரண மெஷின்களுக்கு ஒத்துவரும்.

"எப்பவும் சார்ஜ்லயே வைக்கலாமா? எங்க ஏரியால கரண்ட் வேற போய்ப் போய் வருது."

வைக்கலாம், ஆனால் கம்பெனியின் செயலியில் 80% வரம்பை இயக்கிவிடுங்கள். லித்தியம் பேட்டரி முழுசாக நிரம்பி, சூட்டிலேயே கிடந்தால் சீக்கிரம் கிழடாகும். வாங்கிய பேட்டரியில் எவ்வளவு மிச்சம் என்று பார்க்க, கமாண்ட் பிராம்ப்டில் பவர்-சிஎஃப்ஜி என்று சேர்த்து எழுதி, ஓர் இடைவெளி, சாய்கோடு, பேட்டரி-ரிப்போர்ட் என்று இடையில் கோடில்லாமல் சேர்த்து அடித்தால் ஒரு பக்கம் உருவாகும். டிசைன் கெபாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி இரண்டையும் ஒப்பிட்டால் தெரிந்துவிடும். பழைய லேப்டாப் வாங்குபவர்கள் காசு கொடுக்கும் முன் இதைக் கட்டாயம் ஓட்டிப் பாருங்கள்.

"எஸ்.பி. ரோட்ல வாங்கலாமா, ஆன்லைன்ல வாங்கலாமா?"

ரேம், எஸ்எஸ்டி, கீபோர்டு, டெஸ்க்டாப் பாகங்கள் என்றால் எனக்கு, கம்ப்யூட்டர் பாகக் கடைகள் நிறைந்த பெங்களூர் எஸ்.பி. ரோடுதான். அல்சூரில் மெட்ரோ ஏறி மெஜஸ்டிக்கில் மாறினால் அடுத்த ஸ்டேஷன் சிக்பேட்டை, அங்கிருந்து நடைதான். கன்னடம், தமிழ், இந்தி எதில் பேசினாலும் பேரம் நடக்கும். பொருளைக் கையில் வாங்கிப் பார்க்கலாம், கோளாறு என்றால் மறுநாள் அதே ஆளிடம் போய் நிற்கலாம். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும்.

"பில் வேண்டாம்னா குறைச்சுத் தர்றேன்" என்பார்கள். ஜிஎஸ்டி 18% மிச்சம் என்று ஆசை வரும். பில் இல்லாமல் வாரண்டி கேட்டுப் போய் நிற்க முடியாது, வேண்டாம். ஒரு கடையில் எனக்குக் கொடுத்த எஸ்எஸ்டியின் சீரியல் எண்ணை அங்கேயே நின்று கம்பெனித் தளத்தில் அடித்துப் பார்த்தேன், வாரண்டி முடிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. கடைக்காரர் மறுபேச்சில்லாமல் வேறு எடுத்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பார்த்திருந்தால் நான் சொல்வதை யார் நம்புவார்கள்? முழு லேப்டாப் என்றால் ஆன்லைனில் விலை பார்த்துக்கொண்டு கடைக்குப் போங்கள், திரையை நேரில் பார்க்காமல் மட்டும் வாங்காதீர்கள்.

"ஐந்நூறு ரூபாய்க்கு லைஃப்டைம் ஆபீஸ் கீ தர்றாங்க. போட்டுக்கலாமா?"

வேண்டாம். பல நேரம் அது யாரோ ஒரு நிறுவனத்தின் கணக்கில் உங்களையும் ஒரு ஆளாகச் சேர்த்துவிடுவது. உங்கள் ஃபைல்கள் சேரும் ஒன்டிரைவுக்கு முகம் தெரியாத அட்மின் ஒருவர் இருப்பார், ஒரு நாள் கணக்கை மூடினால் ஃபைலும் போகும். பல புது லேப்டாப்புகளில் ஆபீஸ் உரிமம் கூடவே வருகிறது, அதற்குக் காலக்கெடு உண்டு, வாங்கிய வாரமே உங்கள் கணக்கில் பதிந்துவிடுங்கள். இல்லையென்றால் லிப்ரெ ஆபீஸ் இலவசம், கடிதம், கணக்கு எல்லாம் முடியும்.

"தமிழ் ஃபைலைப் புது லேப்டாப்ல திறந்தா இங்கிலீஷ் எழுத்தா கன்னாபின்னான்னு வருது. வைரஸா?"

வைரஸ் இல்லை. ஸ்ரீராம்புரத்தில் பத்திரிகை அச்சடிக்கும் ஒரு அண்ணன் பதறிப்போய்க் கேட்டது இது. பாமினி மாதிரி பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவத்தை வரைந்து வைத்தவை. ஃபைலுக்குள் இருப்பது ஆங்கில எழுத்துதான், எழுத்துரு இல்லாத மெஷினில் முகமூடி கழன்றுவிடும். அந்த எழுத்துருவை நிறுவினால் திரும்பத் தெரியும். புதிதாக அடிப்பதை யூனிகோடில் அடியுங்கள், பழையதை மாற்றித் தர இலவச மாற்றிகள் இருக்கின்றன.

விண்டோஸில் தமிழ் மொழியைச் சேர்த்தால் தமிழ் 99, அஞ்சல் இரண்டு விசைப்பலகையும் கிடைக்கும், எதையும் தனியாக இறக்க வேண்டாம். விண்டோஸ் விசையும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்தினால் மொழி மாறும், கன்னடத்தையும் இதே வழியில் சேர்க்கலாம். நான் தமிழ் 99 கட்சி. அம்மா என்று அடிக்க அ, ம, ம, ஆ என்று நாலே தட்டு, புள்ளி தானாக விழும். பத்து நாள் பழகினால் விரல் தானாகப் போகும்.

"சர்வீஸ் போய் வந்த லேப்டாப் நீலத் திரையில 48 நம்பர் கேட்குது. அப்படி எதையும் நான் வெச்சதே இல்லையே?"

இருப்பதிலேயே வயிற்றைக் கலக்கும் கேள்வி இது. மைக்ரோசாஃப்ட் கணக்கோடு அமைக்கும் புது விண்டோஸ் 11 மெஷின்களில் டிஸ்க் தானாகவே பூட்டப்படுகிறது. திருடு போனால் உள்ளே இருப்பதை யாரும் படிக்க முடியாது, நல்ல விஷயம்தான். பூட்டின் சாவி போர்டில் இருக்கும் டிபிஎம்மோடு கட்டப்பட்டிருக்கும். சர்வீசில் மதர்போர்டை மாற்றினால் டிஸ்க்குக்கு ஆள் தெரியாது, அப்போது 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். லேப்டாப்பை அமைத்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது சேமிக்கப்பட்டிருக்கும். போனில் இருந்தே அந்தக் கணக்கில் நுழைந்து எடுக்கலாம்.

எங்கள் அபார்ட்மென்டில் ஒருவருக்கு இது நடந்தது. அவருக்கு மைக்ரோசாஃப்ட் கணக்கு என்று ஒன்று இருப்பதே தெரியாது. விற்ற கடையில் இருந்த பையன், சீக்கிரம் முடிய வேண்டும் என்று ஏதோ ஒரு மெயில் ஐடியை உருவாக்கிப் போட்டுக் கொடுத்திருக்கிறான். என்ன ஐடி, என்ன பாஸ்வேர்டு, அவனுக்கே நினைவில்லை. இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து பார்த்தோம். அவர் மகளின் பள்ளிக்கூடப் படங்கள் மூன்று வருஷத்தது அதில் இருந்தன, எடுக்கவே முடியவில்லை. கடையில் "செட்டப் பண்ணித் தர்றோம்" என்றால் கண்டிப்பாக வேண்டாம் என்று சொல்லுங்கள். உங்கள் சொந்தக் கணக்கில் நீங்களே செய்யுங்கள். ஏற்கெனவே வாங்கியவர்கள் இன்றைக்கே அந்த 48 எண்ணை எடுத்துக் காகிதத்தில் எழுதி வாரண்டி கார்டோடு வையுங்கள்.

"பழைய லேப்டாப்பை விக்கப் போறேன். எல்லாத்தையும் டெலீட் பண்ணிட்டேன், போதும்தானே?"

போதாது. டெலீட் செய்தால் ஃபைலின் பெயர்தான் பட்டியலில் இருந்து போகும், மீட்டெடுக்கும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ரீசெட் திஸ் பிசியில் "ரிமூவ் எவ்ரிதிங்" கொடுத்து, அமைப்பை மாற்றும் இடத்தில் "கிளீன் டேட்டா"வை இயக்குங்கள். சில மணி நேரம் எடுக்கும், இரவில் போட்டுவிட்டுத் தூங்குங்கள். முந்தைய கேள்வியில் சொன்ன பூட்டு போட்ட மெஷின் என்றால் இன்னும் பத்திரம். அப்புறம் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கின் சாதனப் பட்டியலில் இருந்தும் அதை நீக்கிவிடுங்கள்.

விற்கவே லாயக்கில்லாமல் செத்துப்போனது என்றால் பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள். பேட்டரி உப்பியிருந்தால் குத்தக் கூடாது, அழுத்தக் கூடாது, சார்ஜில் போடவே கூடாது. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகள் தயாரிப்பாளர் மேலேயே பொறுப்பை வைக்கின்றன, பெரிய கம்பெனிகள் தங்கள் தளத்தில் திரும்பப் பெறும் விண்ணப்பம் வைத்திருக்கின்றன. கொடுக்கும் முன் எஸ்எஸ்டியை மட்டும் கழற்றி எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சின்ன யூஎஸ்பி உறை வாங்கிப் போட்டால் வீட்டுப் படங்களுக்கு அதுவே பேக்கப் டிஸ்க்.